கூடம் கோணாமல் இருக்க

டெட்ராய்ட் நகரின் வடக்குப் புறநகர் ஒன்றில், பெரிய சாலையிலிருந்து சற்று உள்வாங்கி, 24 லேன்கள் கொண்ட பவுலிங் கூடம் ஒன்று இருக்கிறது. லேன் என்ற நீண்ட ஓடுபாதையில் பந்தை உருட்டி, அதன் கடைசியில் நிற்கும் பத்துப் 'பின்'களை, அதாவது புட்டி வடிவ மரக்கட்டைகளை, வீழ்த்தும் ஆட்டம் பவுலிங். போலந்திலிருந்து குடியேறியவர்களின் வழிவந்த ஒரு குடும்பம் 1959-இல் கட்டிய அந்தக் கூடத்தை இன்று அதே குடும்பத்தின் மூன்றாம், நான்காம் தலைமுறையினர் நடத்திவருகின்றனர். 2004 முதல் நான் அங்கே செவ்வாய்க்கிழமை லீக்கில், அதாவது அணிகளாகப் பிரிந்து வாரந்தோறும் ஆடும் போட்டித் தொடரில், ஆடிவருகிறேன். நடுவே ஒரு பருவம் முழுவதும் அங்கே மணிக்கணக்கில் கூலி வாங்கி வேலையும் பார்த்தேன் என்பது என் பழைய நண்பர்களில் பலருக்குத் தெரியாது. ஊரில் இருந்த அம்மாவிடமும் கடைசிவரை சொல்லவில்லை. கார் உதிரிபாகங்களை வடிவமைக்கப் போன மகன், பந்து உருட்டும் இடத்தில் எண்ணெய்க் கையோடு நிற்கிறான் என்பதை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பாரோ.

2009 இந்தப் பகுதிக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 30 அன்று கிரைஸ்லரும் ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸும் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றன. அவற்றை நம்பி உதிரிபாகம் செய்துகொடுத்த நிறுவனங்களுள் ஒன்றில் இருந்த நான் அதற்கு முன்பே, பிப்ரவரியில், வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தேன். கிரீன் கார்டு கையில் இருந்ததால் நாடு திரும்ப வேண்டிய நெருக்கடி இல்லை. ஆனால் வீட்டுக் கடன் தவணை மாதம் தவறாமல் வாசலில் வந்து நின்றது. செப்டம்பரில் லீக் தொடங்கும் வாரத்தில், இந்தப் பருவம் என்னால் சேர முடியாது என்று சொல்லிவிட்டு வருவதற்காகக் கூடத்துக்குப் போனேன். உரிமையாளரான பெரியவர் (தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும்படி அவர் எத்தனை முறை சொல்லியும் எனக்கு வாய் வரவில்லை, எப்போதும் 'சார்'தான்) நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, கியர் பெட்டியைத் திறந்து பார்த்தால் பயப்படுவாயா என்று மட்டும் கேட்டார். மாட்டேன் என்றேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பின்கதவு வழியாக வரச் சொன்னார்.

அந்தப் பின்கதவைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஐந்து ஆண்டுகள் அந்தக் கூடத்தில் ஆடியிருந்தும், லேன்களின் கடைசியில் படம் வரைந்த மறைப்புப் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. அங்கே கூடத்தின் முழு அகலத்துக்கும் நீண்ட ஒரு குறுகிய நடைபாதை இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் பின்களை அடுக்கும் 24 இயந்திரங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. எல்லாம் 1960-களில் வந்த பிரன்ஸ்விக் ஏ-2 வகை. அந்த நிறுவனத்துக்கு இதே மிச்சிகனின் மேற்குக் கரையில், மஸ்கீகன் நகரில், நூறாண்டுக்கும் மேலாகத் தொடர்பு உண்டு என்பதால் பெரியவருக்கு அவற்றின்மேல் ஊர்ப்பாசமும் இருந்தது. லீக் இரவில் அங்கே நின்றால் காதடைப்பான் இல்லாமல் முடியாது. பின்கள் இருக்கும் இடம் கூடத்தின் பின்னால் என்பதால், 'பின்னுக்குப் பின்னால்' என்று நான் தமிழில் எனக்குள்ளே சொல்லிச் சிரித்துக்கொண்ட வேடிக்கையைப் பகிர்ந்துகொள்ள அங்கே ஆள் இல்லை.

அந்த இயந்திரம் செய்யும் வேலையை முன்னால் இருந்து பார்ப்பவர்கள் பொருட்படுத்துவதில்லை. ஏழு கிலோவுக்கும் மேல் எடை இருக்கக்கூடிய பந்து 60 அடி உருண்டு வந்து, தலா ஒன்றரைக் கிலோ எடையும் 15 அங்குல உயரமும் உள்ள மேப்பிள் மரப் பின்களின்மேல் மோதுகிறது. விழுந்த பின்களும் பந்தும் லேனின் கடைசியில் உள்ள குழிக்குள் போய்ச் சேர்கின்றன. அங்கே தொங்கும் கனத்த மெத்தை பந்தின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. பந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறி, இரண்டு லேன்களுக்கும் பொதுவாக அடியில் ஓடும் தடத்தில் ஆட்டக்காரரிடம் திரும்புகிறது. பின்களை ஓடும் பட்டை ஒன்று இழுத்துச்சென்று ஒரு பெரிய சக்கரத்திடம் ஒப்படைக்க, சக்கரம் அவற்றை மேலே தூக்கிக்கொண்டுபோக, அவை ஒவ்வொன்றாக ஒரே பக்கம் தலைதிருப்பப்பட்டுச் சுழலும் கூடை ஒன்றில் வந்து நிரம்புகின்றன. இதற்கிடையே முன்னால் ஒரு தட்டு இறங்கி, விழாமல் நிற்கும் பின்களின் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொள்ள, கிடப்பவற்றைத் துடைப்பான் வாரித் தள்ளியபின், நின்றவை எந்த இடத்தில் நின்றனவோ அதே இடத்தில் திரும்ப வைக்கப்படுகின்றன. ஒரு பின் சற்று நகர்ந்து நின்றாலும் நகர்ந்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்பதுதான் இதில் கடினமான பகுதி. தட்டு பிடிக்க முடியாத அளவுக்கு அது நகர்ந்துவிட்டால் இயந்திரம் தானே நின்றுவிடும், பின்னால் இருக்கும் ஆள் போய்ச் சரிசெய்ய வேண்டும்.

பெரியவர் இந்த வேலையை இயந்திரம் வருவதற்கு முன்பே செய்தவர். ஹாம்ட்ராம்க் பகுதியில் சிறுவனாக இருந்தபோது, பள்ளி விட்டதும் குழிக்கு மேலிருந்த திண்டில் கால்களைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, பந்து மோதியதும் குதித்து இறங்கிப் பின்களை அடுக்கி, பந்தைத் தூக்கித் தடத்தில் விட்டுவிட்டு, அடுத்த பந்து வருமுன் திரும்ப ஏறிவிட வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு இத்தனை சென்ட் என்று கூலி. குடித்துவிட்டு ஆடுபவன் நீ இறங்கிவிட்டாயா என்று பார்க்க மாட்டான் என்பார், முழங்காலில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டே. 1952-இல் இங்கிருந்து வடக்கே அரைமணி நேரத்தில் போகக்கூடிய மவுண்ட் கிளெமென்ஸ் ஊரில் ஏ.எம்.எஃப். நிறுவனத்தின் தானியங்கி இயந்திரங்கள் முதன்முதலாக வணிக முறையில் நிறுவப்பட்டன. அவருடைய தகப்பனார் மகனையும் அழைத்துக்கொண்டு போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாராம். ஏழாண்டு பணம் சேர்த்து, வங்கிக் கடனும் வாங்கி, இந்தக் கூடத்தைக் கட்டினார். பையன்கள் கிடைக்காமல் திண்டாடிய தொழிலை இயந்திரம் விடுவித்தது. அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்கா முழுவதும் கூடங்கள் பெருகி, 1960-களின் நடுவில் அவற்றின் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. இன்று அதில் பாதிகூட இல்லை.

எஞ்சியவற்றுள் இந்தக் கூடம் ஏன் ஒன்றாக இருக்கிறது என்று கேட்டால், என் பதிலின் பெரும்பகுதி அந்த நடைபாதையில் ஆணியில் தொங்கிய நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பக்கம். எத்தனை ஃப்ரேம் (ஆட்டக்காரர் ஒருவரின் ஒரு முறை) ஓடியது, எத்தனை தடவை நின்றது, ஏன் நின்றது, யார் சரிசெய்தார். ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையே எத்தனை ஃப்ரேம் என்ற கணக்குத்தான் இந்தத் தொழிலில் மெக்கானிக்கின் மதிப்பெண். 17-ஆம் லேனின் எண் மற்றவற்றைவிட எப்போதும் தாழ்வாகவே இருந்தது. அதற்குக் காரணம் தெரியாமல் மூன்று வாரம் நான் தலையைப் பிய்த்துக்கொண்டபின், பத்தாண்டுக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டிக் காட்டினார் பெரியவர். அந்த லேனின் அடித்தளம் ஒரு பக்கம் மயிரிழை இறங்கியிருக்கிறது என்றும், மற்ற இயந்திரங்களுக்குச் சரியாக இருக்கும் அளவை இதற்கு வைத்தால் நிற்கும் என்றும் அவர் கையெழுத்திலேயே குறிப்பு இருந்தது.

வெளியிலிருந்து மெக்கானிக்கை அழைக்கும் கூடத்துக்கு இந்த அறிவு கிடைக்காது. ஏ-2 போன்ற பழைய இயந்திரங்களைத் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டே போகிறார்கள், புதிதாகக் கற்க வருபவர்கள் குறைவு. ஆகவே அழைத்தால் வரக்கூடிய ஆளுக்கு அவர் கேட்கும் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் குடும்பத்தில் கல்லாவில் உட்காருபவர் உட்பட ஒவ்வொருவரும், பதினாறு வயதில் ஒரு கோடைக்காலம் முழுவதும் பின்னால் வேலை செய்தாக வேண்டும் என்பது விதி. மூடிப்போன கூடங்களின் இயந்திரங்களை மலிவாக வாங்கி, கிடங்கில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து அடுக்கி வைத்திருப்பார்கள். கேம், கிளட்ச், பெல்ட், சுருள்வில் எதுவும் கடையில் தேட வேண்டியதில்லை. வரவை மட்டும் பார்ப்பவர்களின் கண்ணில் இந்தச் சேமிப்பு படாது. எனக்கு அந்தப் பருவத்தில் அவர்கள் கொடுத்த கூலிகூட, யோசித்துப் பார்த்தால், அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். வேலையற்ற பொறியாளன் ஒருவன் அவர்களுக்கு அப்போது மலிவாகக் கிடைத்தான். இதைப் பெரியவரிடமே ஒருமுறை சொன்னேன். மறுக்கவில்லை, சிரித்தார்.

இயந்திரத்துக்கு அடுத்தது எண்ணெய். பவுலிங் லேனின் மேல் தினமும் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசப்படுகிறது என்பதும், அது எங்கும் ஒரே சீராகப் பூசப்படுவதில்லை என்பதும், ஆடிப் பார்த்தவர்களுக்கே பெரும்பாலும் தெரியாது. சாதாரணக் கூடங்களில் ஏறத்தாழ 40 அடி வரை பூசுவார்கள். 39 பலகை அகலமுள்ள லேனின் நடுவில் தடிமனாகவும் ஓரங்களில் மெலிதாகவும் இருக்கும். கடைசி 20 அடி உலர்ந்திருக்கும். எண்ணெயில் வழுக்கிக்கொண்டே போகும் பந்து உலர்ந்த பகுதிக்கு வந்ததும் தரையைப் பற்றி, சுழற்சிக்கேற்ப வளைந்து பின்களை நோக்கித் திரும்புகிறது. ஓரத்தில் கூடுதலாகத் தள்ளிப் போட்டவனின் பந்தும் உலர்ந்த பலகையைப் பற்றித் திரும்பிவிடும், நடுவில் தவறவிட்டவனின் பந்தும் எண்ணெயில் வழுக்கிக் கோட்டைவிட்டு விலகாது. அதாவது, சுமாரான ஆட்டக்காரனுக்கு லேனே கைகொடுக்கிறது. கிரிக்கெட் மைதானத்தில் ஆடுகளம் தயாரிப்பவருக்கு உள்ள அதிகாரம் இங்கே எண்ணெய் இயந்திரத்தை ஓட்டுபவருக்கு உண்டு. ஆட்டம் செல்லச் செல்லப் பந்துகள் எண்ணெயை எடுத்துக்கொண்டுபோவதால் மூன்றாம் ஆட்டத்தில் அதே கோடு வேலை செய்யாது. அப்போதுதான் புகார்கள் வரத் தொடங்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் ஊரில் சொல்வதைப் பெரியவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். நீண்ட நேரம் ரசித்தார். ஆனால் உடனே, கூடம் கோணலா என்று தினமும் காலையில் பார்த்துவிடுவது என் வேலை, அதன் பிறகு அவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்றார். உண்மையில் அவர் தினமும் பார்த்தார். எண்ணெய் பூசும் இயந்திரத்தின் முனைகளைத் துடைப்பதை வேறு யாரிடமும் விட்டதில்லை.

இவ்வளவும் யாருக்காக என்றால், லீக்குக்காக. பவுலிங் கூடத்தின் வரவில் இரண்டு வகை உண்டு. சனிக்கிழமை மாலை குடும்பத்தோடு வந்து இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, பீட்சா தின்றுவிட்டுப் போகிறவர்கள் ஒரு வகை. இவர்களிடம் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் பணம் அதிகம், ஆனால் அடுத்த வாரம் வருவார்களா என்பது தெரியாது. லீக்காரர்கள் இன்னொரு வகை. செப்டம்பர் முதல் வாரம் தொழிலாளர் தினம் கழிந்ததும் தொடங்கி ஏப்ரல் வரை, வாரம் ஒரே நாள், ஒரே நேரம். எங்கள் செவ்வாய் லீக்கில் அணிக்கு நால்வராக 20 அணிகள். ஆளுக்கு மூன்று ஆட்டம் என்றால் ஒரு இரவில் 240 ஆட்டம், 32 வாரத்தில் 7,680 ஆட்டம். பனி கொட்டினாலும், காய்ச்சலில் படுத்தாலும், வராதவரும் தன் வாரக் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும் என்பது லீக்கின் விதி. அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதி கூடத்துக்கு, ஒரு பகுதி பருவ முடிவில் பிரித்துக்கொள்ளும் பரிசுத் தொகைக்கு. செப்டம்பரிலேயே ஏப்ரல் மாத வரவு தெரிந்துவிடும் தொழில் வேறு எத்தனை இருக்கிறது?

திறமை வேறுபட்டவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்க ஹேண்டிகேப் என்ற ஏற்பாடு இருக்கிறது. குறிப்பிட்ட ஓர் எண்ணுக்கும், எங்கள் லீக்கில் அது 220, உங்கள் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் 90 விழுக்காட்டை ஒவ்வொரு ஆட்டத்திலும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். என் முதல் பருவத்தில் சராசரி 112. ஆகவே ஆட்டத்துக்கு 97 இலவசமாகக் கிடைத்தது. நான் 130 எடுத்த ஒரு நாளில், 210 சராசரி உள்ள ஒருவரை வென்றேன். அவர் எழுந்து வந்து கைகுலுக்கினார். அந்தக் கைகுலுக்கலுக்காகத்தான் நான் இரண்டாம் பருவம் சேர்ந்தேன் என்றால் மிகையில்லை.

ஆனால் லீக் தேய்ந்துகொண்டே வருகிறது. டெட்ராய்ட் வட்டாரத்தில் ஒரு காலத்தில் கார் ஆலைகளின் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு லீக் இருந்தது. இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் காலை எட்டு மணிக்கு வந்து பந்து உருட்டிவிட்டு, பீர் குடித்துவிட்டுத் தூங்கப் போவார்கள். 1970-களின் கடைசியில் நாடு முழுவதும் 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவுபெற்ற லீக் உறுப்பினர்களாக இருந்தனர். இப்போது அது பத்து லட்சத்தை ஒட்டி நிற்கிறது. 1980-க்கும் 1993-க்கும் இடையே பவுலிங் ஆடுவோர் எண்ணிக்கை 10 விழுக்காடு கூடியபோதே லீக்கில் ஆடுவோர் 40 விழுக்காடு குறைந்தனர் என்ற கணக்கைச் சமூகவியல் படித்தவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அந்தப் பழைய காலத்தை ஏங்கிப் பேசுவோரோடு நான் முழுவதும் சேர்வதில்லை. வெள்ளையருக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற விதியை, ஆட்டத்தின் விதிகளை வகுத்த சங்கமான அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் 1950 வரை வைத்திருந்தது. அதனால் 1939-இலேயே இதே டெட்ராய்ட்டில் கறுப்பின ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று தேசிய அளவில் தனிச் சங்கம் தொடங்க வேண்டியிருந்தது. பெரியவரின் தகப்பனார் சிறுவனான அவரைக் கூட்டிக்கொண்டு திரிந்த கூடங்களில் என் நிறத்துக்கு இடம் இருந்திருக்காது. அதை நான் சொன்னதில்லை; அவரே ஒருநாள், பெல்ட் மாற்றிக்கொண்டிருக்கும்போது, எதையோ பேசுவதுபோலச் சொன்னார்.

முன்பக்கம் அவருடைய மகளின் ஆட்சி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் வேலைபார்த்த பருவத்தில் கணக்கு, மதுக்கடை உரிமம், சமையலறை, காப்பீடு எல்லாம் அவர் கையில் இருந்தன. அவரிடம் நான் கண்டு வியந்த திறமை ஒன்று உண்டு: காலணி வாடகைக்குக் கேட்டு வரும் லீக்காரர் அல்லாத ஒருவரின் பெயரையும் அளவையும், இரண்டாம் முறை வரும்போது நினைவில் வைத்திருப்பார். பிறந்தநாள் விழாக்களை அவர்தான் தொழிலாக மாற்றினார். பெரியவருக்கு விருப்பமில்லை, பலூன் ஒன்று குழிக்குள் போய்ப் பட்டையில் சிக்கிய அன்று நாள் முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் ஞாயிறு மதியத்தில் பன்னிரண்டு லேன்களில் குழந்தைகள், ஓரக் கால்வாயில் பந்து விழாதபடி தடுப்புகள், மாவும் சீஸும் மணக்கும் சமையலறை என்று அந்த நேரம் நிரம்பியபோது, தகப்பனார் கணக்குப் பார்த்துவிட்டு மௌனமானார்.

கோடைக்காலம்தான் சிரமம். முன்பெல்லாம் நம் ஊர் ஜவுளிக்கடைக்கு ஆடி மாதம் எப்படியோ அப்படித்தான் இவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மிச்சிகன்காரர்கள் ஆறு மாதப் பனிக்குப் பிறகு வெயிலை விட்டுவிட்டு ஜன்னலில்லாக் கூடத்துக்குள் வருவார்களா? பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஆட்டம் இலவசம் என்று நாடு முழுவதும் பல கூடங்கள் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் மகள் கூடத்தைச் சேர்த்தார். லேன் எப்படியும் சும்மா கிடக்கிறது, பிள்ளை இலவசமாக ஆடினால் காலணிக்கும் குளிர்பானத்துக்கும் பணம் வரும், கூட வரும் அம்மாவும் அப்பாவும் ஆட்டத்துக்குப் பணம் கட்டுவார்கள் என்பது அவருடைய கணக்கு. அவருக்கு அதைவிடப் பெரிய கணக்கு ஒன்றும் இருந்திருக்க வேண்டும். மிச்சிகனில் பவுலிங் உயர்நிலைப் பள்ளிகளின் அதிகாரபூர்வமான விளையாட்டு. கோடையில் இலவசமாக ஆடிய பிள்ளைகளில் சிலர் சில ஆண்டுகள் கழித்துப் பள்ளி அணியாகக் குளிர்காலப் பிற்பகல்களில் வந்து நின்றார்கள். என் மகளும் அப்படித்தான் சேர்ந்தாள். அவளுடைய சராசரி என்னுடையதைத் தாண்டி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அதைப் பற்றி இங்கே விரிவாக எழுதப்போவதில்லை.

2010 மே 1 அன்று மூடிய இடங்களில் புகைபிடிக்கத் தடை வந்தபோது லீக்கில் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்று பேச்சு இருந்தது. சிலர் போனார்கள். கூரையின் மஞ்சள் கறையைக் கழுவி வெள்ளையடித்த பிறகுதான் கூடம் எவ்வளவு இருண்டிருந்தது என்பது எங்களுக்கே தெரிந்தது. என் மனைவி அதன் பிறகுதான் உள்ளே கால் வைத்தாள்.

இனி நிலம். இந்தக் குடும்பம் 1980-களில் வங்கிக் கடனைத் தீர்த்த நாளிலிருந்து நிலத்தின்மேலோ கட்டடத்தின்மேலோ ஒரு டாலர்கூடக் கடன் வாங்கவில்லை. கூடமும் அதன் வாகன நிறுத்துமிடமும் சேர்ந்தால் பெரிய மனை. சாலையை ஒட்டிய பெரிய மனை என்றால் மருந்துக்கடைச் சங்கிலிகளுக்கும் அடுக்ககம் கட்டுபவர்களுக்கும் கண் இருக்கும். பல கூடங்கள் நட்டத்தால் மூடப்படவில்லை. அவற்றின் நிலம் அவற்றின் தொழிலைவிட விலைபோனதால் மூடப்பட்டன. இந்தக் குடும்பத்துக்கு எதிர்த்திசையில் போன பெரிய நிறுவனமும் உண்டு. முந்நூறுக்கும் மேற்பட்ட கூடங்களை வைத்திருக்கும் பவுலெரோ, 2024 டிசம்பரில் லக்கி ஸ்ட்ரைக் என்டர்டெயின்மென்ட் என்று பெயரை மாற்றிக்கொண்ட நிறுவனம், 2023 அக்டோபரில் தன் கூடங்களில் 38-இன் நிலத்தையும் கட்டடத்தையும் விசி என்ற நில முதலீட்டு நிறுவனத்துக்கு 43.29 கோடி டாலருக்கு விற்று, அதே இடங்களை நீண்டகால வாடகைக்கு எடுத்துக்கொண்டது. கையில் வரும் பணத்தைக் கொண்டு மேலும் கூடங்கள் வாங்குவதற்கு அது நல்ல வழியாக இருக்கலாம். நான் நிதித்துறைக்காரன் இல்லை. 24 லேன் வைத்திருக்கும் குடும்பத்துக்கு வாடகை என்ற ஒன்று இல்லாமல் இருப்பதன் பொருள் என்ன என்பதை மட்டும் 2020-இல் பார்த்தேன். மார்ச் மாதம் மாநில உத்தரவின்படி மூடிய கூடம் செப்டம்பரில்தான் திறந்தது. நவம்பரில் மீண்டும் மூடச் சொன்னார்கள். நின்றுகிடந்த இயந்திரங்களில் ரப்பர் இறுகிவிடாமல் இருக்க, வாரம் இருமுறை மகளும் அவர் மகனும் போய் ஒவ்வொன்றாக ஓட்டிவிட்டு வந்தார்கள். நானும் சில நாள் போனேன், முகக்கவசத்தோடு, கூலி இல்லாமல். ஆளில்லாத கூடத்தில் 24 இயந்திரங்கள் யாருக்கோ பின் அடுக்கிக்கொண்டிருந்தன.

பெரியவர் அந்தக் குளிர்காலத்தைப் பார்க்கவில்லை, 2017-இலேயே போய்விட்டார். அவருக்கு மகளைத் தவிர இரண்டு மகன்கள். ஒருவர் அரிசோனாவில் பல் மருத்துவர், இன்னொருவர் இங்கேயே பள்ளி ஆசிரியர். குடும்பத் தொழில்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: உழைப்பவர் ஒருவர், பங்கு மூவருக்கு. பெரியவர் உயிரோடு இருக்கும்போதே, வக்கீலை வைத்து, கூடத்தை மகளுக்கும், நிலத்தின் மதிப்பில் உரிய பங்கை மகன்களுக்குப் பதினைந்து ஆண்டுத் தவணையாகவும் எழுதிவைத்தார். அதில் மகன்களுக்கு மனக்குறை இருந்தது என்று கேள்வி. இருந்தும், நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள் மூவரும் குடும்பத்தோடு வந்து கடைசி நான்கு லேன்களில் ஆடுவது நிற்கவில்லை. பங்கைப் பற்றி அங்கே பேசக் கூடாது என்பது ஏற்பாடு. ஸ்கோரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம்.

இப்போது கூடத்தைப் பார்த்துக்கொள்பவன் பேரன். முப்பது வயது. அவன்தான் கயிற்று இயந்திரங்களைப் பற்றிப் பேச்செடுத்தான். பின்களின் தலையில் கயிறு கட்டி, பொம்மலாட்டம்போல மேலே இழுத்துத் திரும்ப இறக்கும் அமைப்பு அது. அசையும் பாகங்கள் மிகக் குறைவு, மின்செலவு குறைவு, தேர்ந்த மெக்கானிக் தேவையில்லை, பின்னால் ஆள் நிற்க வேண்டியதே இல்லை. ஆனால் கயிறு இழுப்பதால் பின்கள் பறக்கும் விதம் மாறிவிடுகிறது, ஒன்று இன்னொன்றைத் தட்டிவிடுவது குறைகிறது, முதல் பந்திலேயே பத்தும் சாயும் ஸ்ட்ரைக் விழுவது குறைகிறது. அந்தப் பழைய காங்கிரஸின் இடத்தில் இன்று இருக்கும் யுனைடெட் ஸ்டேட்ஸ் பவுலிங் காங்கிரஸ் 2023-இல் அதற்கு ஒப்புதல் கொடுத்தபோதும், கயிற்று ஆட்டத்தைத் தனி வகையாகத்தான் வைத்தது. லீக்காரர்களிடம் பேரன் கருத்துக் கேட்டான். எங்கள் செவ்வாய் இரவில் எழுந்த சத்தத்தை நான் இங்கே எழுத முடியாது.

எனக்கு இதில் இரண்டு மனம். அந்தப் பின்பக்க நடைபாதையில் பிழைத்தவன் என்ற முறையில் ஏ-2 போய்விடக் கூடாது என்று தோன்றுகிறது. அதே நடைபாதையில் வியர்த்தவன் என்ற முறையில், ஐம்பத்தைந்து வயதில் மகளும் முப்பது வயதில் பேரனும் இரவு பதினொரு மணிக்கு எண்ணெய்க் கையோடு வீடு திரும்புவதற்கு ஒரு முடிவு வேண்டும் என்றும் தோன்றுகிறது. பேரன் ஒரு நடுவழி கண்டான். சென்ற கோடையில், பிறந்தநாள் விழாக்கள் நடக்கும் கடைசி நான்கு லேன்களில் மட்டும் கயிற்று இயந்திரம் போட்டான். மற்ற 20-இலும் ஏ-2 ஓடுகிறது. கழற்றிய நான்கும் கிடங்கில், பாகம் பாகமாக, மற்றவற்றுக்கு உதிரியாக இருக்கின்றன. அந்த நான்கு லேனின் பக்கங்கள் நோட்டுப் புத்தகத்தில் ஜூன் மாதத்தோடு நிற்கின்றன.

போன செவ்வாய், மூன்றாம் ஆட்டத்தில், எங்கள் 17-ஆம் லேன் நின்றது. கவுன்டரில் கூட்டம், பேரன் பீர் ஊற்றிக்கொண்டிருந்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் முறை வர இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எழுந்து பின்கதவு வழியாகப் போனேன். ஏழாம் பின் தட்டு பிடிக்க முடியாத தூரத்துக்கு நகர்ந்து நின்றுகொண்டிருந்தது. மோட்டாரை அணைத்து, பின்னைக் கையால் எடுத்து, திரும்ப ஓடவிட்டுவிட்டு, நோட்டில் தேதியும் காரணமும் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தபோது என் முறை வந்திருந்தது. எட்டுப் பின்கள் விழுந்தன.